உஷாரண்ணன் திறக்காத படம்

“அனுப்பியவரைப் போனில் பிடித்து, ‘நான்தான் அனுப்பினேன்’ என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்காமல் நான் இதுவரை ஒரு இணைப்பையும் திறந்ததில்லை. இனித் திறக்கப்போவதும் இல்லை. பெற்ற தாய் எழுந்து வந்து அனுப்பினாலும் இதே சட்டம்தான்.”

லிஃப்ட் பழுதுபார்ப்போர் மடற்குழுவில் உஷாரண்ணன் இப்படி எழுதியபோது அவருடைய தாயார் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து சோதனை வர வாய்ப்பில்லை. மற்றப் பக்கங்களைப் பற்றி அவர் அப்போது யோசிக்கவில்லை.

மடற்குழு என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒருவர் மின்னஞ்சல் எழுதினால் அது குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். ஒருவர் தும்மினால் எல்லோர் வீட்டிலும் கேட்கும்படியான ஏற்பாடு. இந்தக் குழுவில் இருந்தவர்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள், சூப்பர்வைசர்கள், உதிரிபாகம் விற்பவர்கள். ‘மூன்றாம் மாடியில் நிற்க வேண்டியது மூன்றரையில் நிற்கிறது, என்ன செய்யலாம்’ என்று ஒருவர் கேட்பார். நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். ஐந்தாமவர், கம்பெனிக்காரர்கள் கண்ணில் காட்டாத சர்க்யூட் படம் ஒன்றை இணைப்பாக அனுப்பிவைப்பார். அந்தப் படங்களுக்காகத்தான் பாதிப் பேர் சேர்ந்திருந்தார்கள். மீதிப் பேர் வம்புக்காக.

குழுவில் பலருக்கும் லிஃப்டின் பாகங்களே பட்டப்பெயர். லிஃப்ட் வேகம் மீறினால் பிடித்து நிறுத்தும் கருவிக்கு கவர்னர் என்று பெயர். பேச ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாத ஒரு மெக்கானிக்கை எல்லோரும் கவர்னர் என்று அழைத்தார்கள். உஷாரண்ணனுக்கு மட்டும் பாகத்தின் பெயர் கிடைக்கவில்லை, குணத்தின் பெயர் கிடைத்தது. இதை அவர் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டார்.

பிழைப்புக்கு அவர் ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் சர்வீஸ் சூப்பர்வைசர். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் அலுவலகம். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஓடும். யாராவது கீழே இறங்கி வந்தால் மேசை மேலிருக்கும் டீ லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்தை வைத்தே எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று அவர் சொல்லிவிடுவார் எனக் கம்பெனியில் ஒரு நம்பிக்கை. யாரும் எண்ணிப் பார்த்ததில்லை என்பதால் அது நீடித்தது. மேசையில் ஒரு கணினி. அதற்கு ஒரு துணி உறை. மத்தியானம் சாப்பிடப் போகும்போது கணினியை அணைத்து, ஸ்விட்சை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் உருவி மேசை மேல் வைத்துவிட்டுத்தான் போவார். தான் இல்லாத நேரத்தில் உள்ளே ஏதும் நுழைந்துவிடக் கூடாது.

வீட்டிலும் இதே ஒழுங்குதான். மனைவி இரண்டு கையிலும் பையோடு வந்து முழங்கையால் அழைப்பு மணியை அழுத்தினால் உள்ளேயிருந்து குரல் வரும்.

“யாரு?”

“நான்தாங்க.”

“நான்தான்னா?”

“காய் வாங்கப் போனேனே, அந்த நான்.”

அதன் பிறகும் அவர் கதவிலிருந்த சிறு கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை விலக்குவார். முப்பது வருடமாக அந்த அம்மாள் இதைச் சகித்து வந்தார். வெளியூரில் வேலை பார்த்த ஒரே மகள், லீவுக்கு வரும்போதெல்லாம் அம்மாவிடம் தனியாக ஒரு சாவி வாங்கி வைத்துக்கொண்டாள்.

உஷாரண்ணன் எச்சரிக்கைத் தொழிலுக்கு வந்தது ஒரு விபத்தால். ஒரு முறை சர்க்யூட் படம் என்ற வேஷத்தில் குழுவுக்கு ஒரு வைரஸ் வந்தது. திறந்தவர்களின் கணினிகள் எல்லாம் படுத்துவிட்டன. கவர்னரின் கணினி படுத்தபோது, வாடிக்கையாளர் விவரம் முழுவதும் அதோடு போனது. உஷாரண்ணன் தப்பினார். அன்று அவர் அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. ஆனால் தப்பிய மனிதனுக்குக் காரணத்தைச் சொல்ல அவகாசம் கொடுத்தால் அவன் மின்வாரியத்தின் பெயரைச் சொல்வதில்லை. “பார்த்ததுமே எனக்கு ஒரு வாடை அடித்தது” என்று குழுவில் எழுதினார். அன்றிலிருந்து வாடை பிடிப்பதே அவர் வேலையாயிற்று.

இங்கே லிஃப்ட்காரர்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு பாகம் கெட்டுவிட்டது என்று ஒரு மெக்கானிக் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கருகிய சர்க்யூட் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் போட வேண்டும். ‘எங்கே, காட்டு’ என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் வார்த்தை. மடற்குழுவை நடத்தி வந்தவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளர். இன்ஸ்பெக்டர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் வேண்டும் என்கிற மனிதர். அவர் குழுவுக்கும் அந்தச் சட்டத்தையே போட்டுவைத்திருந்தார். கெட்டது என்று எதையாவது சொல்பவர், கெட்டதைக் கூடவே கொண்டுவந்து காட்ட வேண்டும்.

ஆகவே உஷாரண்ணன் ஒவ்வொரு முறை வைரஸ் பற்றி எச்சரிக்கும்போதும், அந்த வைரஸையும் மாதிரிக்காக அதே மடலில் இணைத்து, குழுவிலிருந்த தொள்ளாயிரம் பேருக்கும் அனுப்பிவைத்தார். தன் சொந்த முயற்சியால் பத்துப் பேரைக்கூட எட்டியிருக்காத பல ஏழை வைரஸ்கள் அவர் கைராசியால் பெரிய இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. புகார்கள் வந்தன. இன்ஸ்பெக்டர் சட்டத்தை மாற்றவில்லை, சட்டம் சட்டம்தான். தலைப்பில் ‘மாதிரி உள்ளே இருக்கிறது, தொடாதீர்கள்’ என்று எழுதும்படி மட்டும் சொன்னார். அதுவரை தொடாமலிருந்தவர்களும் அதன் பிறகு தொட்டார்கள்.

இப்போது மகள் விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லீவில் அவள் அப்பாவிடம் சொன்னாள். “ஒருத்தர் இருக்காருப்பா.”

“யாரு?”

“கூட வேலை பாக்கறவர்.”

“யார்கிட்ட கேட்டா அவரைப் பத்திச் சொல்லுவாங்க?”

“என்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன்.”

“நீ சொல்லுவேம்மா. வேற யாரு சொல்லுவாங்க?”

அந்தப் பையனின் மேலதிகாரியிடம் உஷாரண்ணன் போனில் பேசினார். வீட்டுக்காரரிடம் பேசினார். பல் டாக்டரிடமும் பேசினார். மூன்று இடங்களிலிருந்தும் நல்ல சாட்சியமே வந்தது. மூன்று பேரும் ஒரே மாதிரி நல்லவன் என்று சொன்னது அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. “இன்னும் கொஞ்சம் விசாரிக்கணும்மா” என்றார். விசாரணை இரண்டு வருடமாக நடந்து வந்தது. பையனுக்கு இதற்கிடையில் இரண்டு பல் போயிற்று என்பதைத் தவிரப் புதிய தகவல் எதுவும் கிடைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை உஷாரண்ணனின் கணினியில் ஒரு மடல் வந்து நின்றது. தலைப்பு, ‘அப்பா, இதைத் திறந்து பாருங்க.’ உள்ளே நாலு வரி.

‘அப்பா, கோபப்படாதீங்க. உங்களுக்குத்தான் முதல்ல அனுப்பறேன். படத்தைப் பாருங்க. அப்புறம் பேசலாம். உங்க மக.’

கூடவே ஒரு இணைப்பு.

உஷாரண்ணனுக்கு வாடை அடித்தது. சட்டப்படி மகள் வேலை பார்க்கும் இடத்துக்குப் போன் செய்தார். “அவங்க லீவுல இருக்காங்க சார்” என்றார்கள். லீவில் இருப்பவளிடமிருந்து மெயில் எப்படி வரும்? தங்கியிருந்த விடுதிக்குப் போன் செய்தார். “அவங்க காலி பண்ணிட்டாங்களே” என்றார்கள். ஒருவர் இல்லாத இடத்திலிருந்து அவர் பெயரில் மடல். வழக்கு முடிந்தது. டீ ஆறுவதற்குள் குழுவுக்கு எச்சரிக்கை போயிற்று. அவர் எழுதிய எச்சரிக்கைகளிலேயே நுட்பமானது அது என்பதால் அப்படியே தருவது நல்லது.

‘நண்பர்களே, புதிய வகை வந்திருக்கிறது. மாதிரி உள்ளே இருக்கிறது, தொடாதீர்கள். “அப்பா” என்று ஆரம்பிக்கிறது. இது நெஞ்சைத் தொட்டு மூளையை மழுங்கடிக்கும் உத்தி. “கோபப்படாதீங்க” என்கிறது, தப்பு செய்தவன்தான் இப்படிப் பேசுவான். “உங்களுக்குத்தான் முதல்ல” என்கிறது. எல்லோரிடமும் இதையேதான் சொல்லும். கடைசியில் “உங்க மக” என்று இருக்கிறது. பெயர் இல்லை. எனக்கு ஒரு மகள் இருப்பது உண்மைதான். அந்தத் தகவல் வைரஸுக்கு எப்படிக் கிடைத்தது என்பது விசாரணைக்குரியது. அனுப்பிய முகவரி புதிது. அதன் முதல் பாதி என் மகளின் பெயர். இரண்டாம் பாதி, நான் இரண்டு வருடமாக விசாரித்து வரும் ஒரு நபரின் பெயர். அதாவது, இந்த வைரஸ் என் சொந்தக் கோப்புகள் வரை கை வைத்திருக்கிறது. உஷார்.’

அனுப்பிவிட்டு, பிளக்கை உருவி மேசை மேல் வைத்துவிட்டு, சாப்பிடப் போனார்.

திரும்பி வந்து பார்த்தபோது குழு கொதித்துக்கொண்டிருந்தது. முதல் பதில் கவர்னருடையது. ‘அண்ணே, தொடாதீங்கன்னு நீங்க சொன்னதால உடனே தொட்டேன். மகளுக்கு வாழ்த்துக்கள். ஜோடி நல்லா இருக்கு, லிஃப்டுக்குள்ளயே நின்னு படம் எடுத்திருக்காங்க. ஆனா அந்த லிஃப்ட்ல கதவுக்கும் தரைக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தியாத் தெரியுதே, கவனிச்சீங்களா?’

அடுத்தவர், வாழ்த்துக்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டு, கதவு இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்பதில் கவர்னரோடு மல்லுக்கு நின்றார். மூன்றாமவர், ‘பொண்ணு மாப்பிள்ளை கையில் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது, சந்தோஷம். லிஃப்டுக்கு ஒட்டியிருக்க வேண்டிய ஆய்வுச் சான்றிதழைத்தான் காணோம்’ என்று எழுதியிருந்தார். நாலாமவருக்கு அந்தப் பட்டன் பலகை மிகப் பழைய மாடல் என்று பட்டது. அது எங்கே கிடைக்கும், மணமக்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்று விசாரித்திருந்தார். மாப்பிள்ளை எப்படி என்று யாரும் எழுதவில்லை. லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்து மாப்பிள்ளையே எடுத்த படம் என்பதால் அவருடைய முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேமராவின் வெளிச்சம்தான் வெடித்து நின்றது என்று ஒருவர் மட்டும் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார்.

உஷாரண்ணன் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். ஒன்றன் பின் ஒன்றாக இத்தனை பேர், ஒரே நாளில், ஒரே மாதிரி வாழ்த்துகிறார்கள் என்றால் அர்த்தம் ஒன்றுதான். அவர் உடனே இரண்டாவது எச்சரிக்கையை எழுதினார்.

‘நண்பர்களே, நாம் பயந்தது நடந்துவிட்டது. மாதிரியைத் தொட்டவர்களின் முகவரிகளை வைரஸ் கைப்பற்றிவிட்டது. அவர்கள் பெயரில் அதுவே மடல் எழுதுகிறது. “வாழ்த்துக்கள்” என்ற சொல் வரும் எதையும் நம்பாதீர்கள். கதவு இடைவெளி பற்றியெல்லாம் பேசுவதால் ஏமாந்துவிட வேண்டாம். இது லிஃப்ட் தொழில் தெரிந்த வைரஸ்.’

சாயங்காலம் இன்ஸ்பெக்டரிடமிருந்து ஒரே வரியில் மடல் வந்தது. ‘தம்பி, அது வைரஸ் இல்லை, உங்கள் பெண்.’

இன்ஸ்பெக்டரும் போய்விட்டாரே என்று உஷாரண்ணன் உண்மையிலேயே வருந்தினார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அது உஷாரண்ணன் கண்ணில் படவில்லை. அவர் தாழ்ப்பாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, இன்னிக்கு மெயில் ஏதாவது வந்துச்சா?”

“வந்துச்சு. ஒண்ணும் ஆகல. தடுத்துட்டேன்.”

“எதைத் தடுத்தீங்க?”

“உன் பொண்ணு பேருல ஒரு வைரஸ் வந்துது. குரூப்புக்கு அனுப்பி எல்லாரையும் உஷார் பண்ணிட்டேன்.”

அந்த அம்மாள் மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தார். “எல்லாரையும்னா?”

“தொள்ளாயிரம் பேர் இருப்பாங்க.”

“அதுல இருந்த படத்தையுமா அனுப்பினீங்க?”

“மாதிரி அனுப்பாம எப்படிம்மா? யாரு நம்புவாங்க?”

“அவ்வளவு பேரும் பாத்துட்டாங்களா?”

“பாத்திருக்க மாட்டாங்க. தொடாதீங்கன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேன்.”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் எப்படிப் பாப்பேன்?” என்றார் உஷாரண்ணன், அடிபட்டவர் போல.

“அது உங்க பொண்ணு கல்யாணப் படம்ங்க. ரெண்டு பேரும் பதிவு பண்ணிட்டாங்க. அப்பாதான் முதல்ல பாக்கணும்னு, எனக்கே இன்னும் காட்டல அவ.”

“உனக்கு யார் சொன்னா?”

“அவதான் போன் பண்ணினா.”

“பேசினது அவதான்னு உனக்கு...”

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. மனைவி நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் பாதியில் விட்ட முதல் சந்தேகம் அது.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு புது ஒழுங்கு வந்தது. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தவில்லை. பேசுவதற்கு முன்னால் விசாரித்தார். “தண்ணி குடு” என்று உஷாரண்ணன் கேட்டால், “கேக்கறது யாரு?” என்றார். “நான்தான்” என்றால், “அதுக்கு என்ன அத்தாட்சி?” என்றார். அத்தாட்சி தேடுவதற்குள் தாகம் போய்விடும்.

அந்த வாரத்திலேயே அம்மாள் பக்கத்துத் தெருவிலிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் காசு கட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அழுதுகொண்டே பார்த்தார் என்றும், கூட இருந்தவர்களிடம் “மாப்பிள்ளை பளிச்சுனு இருக்காரு” என்று சொன்னார் என்றும் தகவல். கட்டடக் காவலாளி பார்த்தார். டீக்கடைக்காரர் பார்த்தார். கம்பெனி மெக்கானிக்குகள் எல்லோரும் பார்த்து, இடைவெளி விஷயத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கவர்னர் படத்தைப் பெரிதாக அச்சடித்து, உறையில் போட்டு, தபாலில் அனுப்பிவைத்தார். அனுப்பியவர் கவர்னர்தான் என்று உறுதியாகாததால் உஷாரண்ணன் உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆக, அந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய முதல் ஆள் மட்டும் அதைப் பார்க்காதவராக மிஞ்சினார்.

அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ‘நான்தான் அனுப்பினேன்’ என்று மகள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சட்டமும் நிற்கும், படத்தையும் பார்த்துவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காத்திருந்தார். அது வரவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் போன் செய்தார். முதல் ஐந்து நிமிடம், தான் இன்ஸ்பெக்டர்தான் என்று நிரூபிப்பதில் போயிற்று.

“தம்பி, லிஃப்ட்ல ‘பழுது, ஏறாதீர்’னு பலகை மாட்டறோமே, அதை யார் கழட்டலாம்?”

“மாட்டினவர்தான் சார் கழட்டணும்.”

“எப்பக் கழட்டலாம்?”

“முதல்ல அவரே தனியா ஏறி ஒரு தடவை மேல போயிட்டுக் கீழ வரணும். அப்புறம்தான்.”

“குரூப்ல உங்க பொண்ணு மேல ஒரு பலகை தொங்குது. மாட்டினது நீங்க. நான் கழட்ட முடியாது. சட்டம்.”

“அனுப்பினவங்க உறுதி பண்ணணுமே சார்.”

“ஏறிப் பாக்கறதுக்கு முன்னால லிஃப்ட்கிட்ட போயி, நீ நல்லா இருக்கியான்னு கேப்பீங்களா?” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் போன் அடித்தது. மனைவி எடுத்தார். கொஞ்ச நேரம் ம், ம் என்று கேட்டார். பிறகு ரிசீவரைக் கணவர் பக்கம் நீட்டினார். “உங்க பொண்ணு. எனக்கு உறுதியாத் தெரியும். உங்களுக்கு எப்படியோ.”

உஷாரண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஹலோ.”

“யாரு பேசறது?” என்றாள் மகள்.

“அப்பா பேசறேம்மா.”

“எந்த அப்பா?”

“உன் அப்பாதான்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. சரி, சொல்லுங்க.”

“செவ்வாக்கிழமை ஒரு மெயில் வந்துது. அது நீ அனுப்பினதுதானா?”

ரயில் நிலையத்து அறிவிப்பு ஒன்று தூரத்தில் கேட்டது.

“நான் சொல்ல மாட்டேன்ப்பா.”

“ஒரு வார்த்தைதானேம்மா.”

“அந்த ஒரு வார்த்தையைத்தான் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தேன். அவர் நல்லவர்ப்பான்னு. நீங்க பல் டாக்டரைக் கேட்டீங்க. என் எழுத்தைப் பாத்து மகள்னு தெரியாதவருக்கு, என் குரலைக் கேட்டா மட்டும் தெரிஞ்சிடுமா?”

உஷாரண்ணன் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“எங்க ரெண்டு பேருக்கும் வேலை மாத்தியிருக்காங்க. ரொம்ப தூரம். இனி எப்ப லீவு கிடைக்கும்னு தெரியாது. ஞாயித்துக்கிழமை உங்க ஊர்லதான் ரயில் மாறறோம். நடுவுல ஒரு பகல் முழுக்க இருக்கு. நீங்க படத்தைப் பாத்திருந்தா வீட்டுக்கு வருவோம். இல்லேன்னா ஸ்டேஷன்லயே உக்காந்திருந்துட்டுப் போயிடுவோம்.”

“நான் பாத்தேனா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க குரூப்ல சேந்துட்டேன். இன்ஸ்பெக்டர் மாமா உடனே சேத்துக்கிட்டார், எந்த விசாரணையும் இல்லாம. பலகை விஷயத்தையும் சொன்னார். மாட்டின இடத்துலயே வந்து கழட்டுங்க, நான் படிச்சுக்கறேன்.” பிறகு கொஞ்சம் குரல் தாழ்ந்தது. “பாத்தா உங்களுக்கே தெரியும்ப்பா, யாரு அனுப்பினதுன்னு. வேற யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.”

போன் வைக்கப்பட்டது. மனைவி ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கி அதன் இடத்தில் வைத்தார். அன்று தண்ணீர் கேட்டபோது அத்தாட்சி கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தார். உஷாரண்ணனுக்கு அதுதான் அதிகமாகப் பயம் கொடுத்தது.

சனிக்கிழமை மத்தியானத்தோடு அலுவலகம் மூடிவிடும். எல்லோரும் போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார். கணினியின் துணி உறையை எடுத்து மடித்து வைத்தார். அந்த மடலைத் தேடி எடுத்தார். அப்பா, கோபப்படாதீங்க. தொள்ளாயிரம் பேருக்கு வரிக்கு வரி விளக்கம் எழுதிய மடலை அப்போதுதான் அவர் படித்தார் என்று சொல்ல வேண்டும்.

போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கையும் ஒரு தடவை அதன் பக்கம் போயிற்று. பல் டாக்டரின் எண்கூட அவருக்கு மனப்பாடம். போனை எடுத்து, மேசையின் கடைசி இழுப்பறைக்குள் வைத்து, இழுப்பறையை மூடினார். இணைப்பின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் அழுத்தினார்.

அது பழைய கணினி. படம் மேலிருந்து கீழாக மெதுவாகத்தான் இறங்கியது. முதலில் லிஃப்டின் கூரை விளக்கு வந்தது. பிறகு காற்றுப் போகும் ஜன்னல். பிறகு திறந்திருக்கும் கதவின் மேல் சட்டம். தொழில் பழக்கத்தில் அவர் அதைத்தான் முதலில் பார்த்தார். பிறகு ஒரு பெரிய வெளிச்சம் இறங்கியது. அதுதான் மருமகன். தோள்களை வைத்துப் பார்த்தால் ஒல்லியான ஆள்.

பக்கத்தில் மகள். ஒரு கையில் சான்றிதழைப் பிடித்திருந்தாள். சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாத முகம். படம் இன்னும் இறங்கியது. அவளுடைய இன்னொரு கை பக்கவாட்டில் நீண்டு, பட்டன் பலகை மேல் இருந்தது. ஆள்காட்டி விரல், கதவைத் திறந்தே வைத்திருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.

பள்ளி லீவு நாட்களில் அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்காது. மனைவியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். உஷாரண்ணன் அவளை வேலை நடக்கும் கட்டடங்களுக்குக் கூட்டிப்போவார். அவர் வாசலில் குனிந்து கதவுச் சக்கரத்தைச் சரிசெய்யும்போது, அவள் உள்ளே நின்று, கால் விரல் நுனியில் எம்பி, அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பாள். “நான் சொல்ற வரைக்கும் விரலை எடுக்காதே” என்பார் அவர். கதவு மூடினால் அவர் கை போய்விடும். விரல் வலித்தாலும் அவள் எடுத்ததில்லை. அவர் சரிபார்க்காமல் நம்பி உள்ளே கையை விட்ட ஒரே கதவு அதுதான். அதைப் பற்றி அவர் மனைவியிடம்கூடச் சொன்னது கிடையாது. குழந்தையை வைத்து வேலை வாங்கினார் என்று தெரிந்தால் வீட்டில் பிரளயம் நடந்திருக்கும்.

தொள்ளாயிரம் லிஃப்ட்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள். இடைவெளியை அளந்தார்கள், சான்றிதழைத் தேடினார்கள், பட்டன் பலகைக்கு விலை கேட்டார்கள். பட்டன் மேல் இருந்த விரலை ஒருவரும் பார்க்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் யாரையோ ஏற்றிக்கொண்டு மேலே போயிற்று. உஷாரண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்தார். பிறகு குழுவுக்கு ஒரு மடல் எழுத உட்கார்ந்தார். பழக்கத்தில் மாதிரியை இணைக்கப் போய், நிறுத்திக்கொண்டார். எழுத்து மட்டும் போயிற்று.

‘செவ்வாய்க்கிழமை மாட்டிய பலகையைக் கழற்றுகிறேன். தனியாக ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பயப்பட ஒன்றும் இல்லை. கதவு இடைவெளி சரியாகத்தான் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்து அளந்தவர்கள் மறுபடி அளக்கவும். நாளை வீட்டில் இருப்பேன், தாழ்ப்பாள் போட்டிருக்காது. அனுப்பியவரிடம் போன் செய்து கேட்கவில்லை.’